உமரிச் செடிக்கு ஆள் கனம்

"நீங்க நாற்காலியில உக்காருங்க சார். பெஞ்சுக்குக் கனமா ஒரு ஆளு வரட்டும்" என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து வாசலை எட்டிப் பார்க்கிறார்.

நாமக்கல் கல்லூரியில் நான் வரலாறு நடத்துகிறேன், அவர் தாவரவியல். புதுச்சத்திரத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் பெஞ்சின்மேல் ஜமக்காளம் விரித்திருக்கும். அதைத் தூக்கினால் காற்றுப் போக ஓட்டை போட்ட இரண்டு பலகைகள், நடுவே செய்தித்தாள், அதற்குள் செடி. செடியை அழுத்தி உலர்த்த மற்றவர்கள் கல்லை வைப்பார்கள். இவருக்குக் கல்லில் நம்பிக்கையில்லை. "கல்லு ஒரே எடத்துல குத்துமுங்க. மனுசந்தான் பரவலா உக்காருவான்."

வருகிறவர் செருப்பைக் கழற்றும்போதே எடை போட்டுவிடுவார். கனத்த ஆளுக்குப் பெஞ்சு, சூடான காபி, முறுக்கு, முடிவில்லாத பேச்சு. என்னைப் போன்ற ஒல்லிப்பிச்சானுக்கு நாற்காலியும் ஆறின காபியும். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைப்பானேன்.

அவரை ஆட்டிவைக்கும் செடி உமரி. கடலோரச் சதுப்பில் முளைப்பது. இலைக்கு இலை தண்ணீர், லேசில் காயாது. உப்பு லாரியில் தொற்றிக்கொண்டு வேதாரண்யம் போய்ப் பறித்து வருவார். உலர்ந்த செடிகளை அட்டையில் தைத்து அலமாரியில் காக்கும் ஓர் அலுவலகத்துக்கு ஓர் உமரியைப் போன வருஷம் அனுப்பினார். பூஞ்சை பிடித்துவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை மனிதர். அட்டையின் மூலையில் ஊர், தேதி, சேகரித்தவர் பெயர் எல்லாம் எழுதுவார்களாம். "நாம போன பொறகும் செடிக்குப் பக்கத்துல நம்ம பேரு இருக்குமுங்க."

போன ஆவணியில் மகள் வசந்தாமணியைப் பெண் பார்க்க வந்தார்கள். வழக்கமான நாற்காலியில் நானும் இருந்தேன். "இன்னிக்கு ஒருநா அந்தப் பலகைய உள்ள கொண்டுபோயி வெய்யுங்க" என்று மனைவி குஞ்சம்மாள் காலையிலிருந்து கெஞ்சினார். "ஆகட்டும்" என்றவர், பலகைமேல் புது ஜமக்காளம் விரித்ததோடு சரி.

மாப்பிள்ளையின் அப்பா சென்னிமலை, கோழிப்பண்ணைக்காரர், நிலைப்படியில் ஒருக்களித்துத்தான் நுழைந்தார். நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது, கையைப் பிடித்து நேரே பெஞ்சில் உட்கார வைத்தார். மாப்பிள்ளையை அவர் இன்னும் பார்க்கக்கூட இல்லை.

பெண்ணைப் பிடித்துவிட்டது, ஜாதகமும் பொருந்தியது. முடிவைச் சொல்லச் சென்னிமலை எழுந்தார். வெள்ளை வேட்டியின் பின்பக்கம் பச்சையாக ஈரம். சமையலறை வாசலில் குஞ்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

நாச்சிமுத்து பாய்ந்துபோய் மேல்பலகையைத் தூக்கினார். "ஒடையலீங்க! நுனி வரைக்கும் படிஞ்சிருக்குது!"

பிறகுதான் எல்லோர் முகத்தையும் பார்த்தார். உப்பு லாரி, பூஞ்சை, அட்டை, பேர் என்று திக்கித் திணறிச் சொன்னார். "தப்புத்தானுங்க. இதுக்காவச் சம்பந்தத்த உட்றாதீங்க." எனக்கே பாவமாக இருந்தது.

சென்னிமலை வேட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்புக் கரிக்குது. இன்னும் எத்தன நேரம் உக்காரோணும்?"

"மத்தியானச் சோத்து வரைக்கும் இருந்தீங்கன்னா..."

சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். காபியோடு எழுந்துவிடுவதுதான் வழக்கம். சென்னிமலை கொஞ்சம் யோசித்தார்.

"செரி, எலையப் போடச் சொல்லுங்க" என்றார்.

குஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்கு வாழையிலை அறுக்க ஓடினார். நாச்சிமுத்து ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வைத்துப் பலகையை மூடினார். சென்னிமலை ஓர் ஓரமாகத் தொப்பென்று உட்கார்ந்தார். மேல்பலகையின் மறு ஓரம் விரலளவு மேலே எழும்பியது.

அதைக் கவனித்த நாச்சிமுத்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார், அவனும் ஒல்லி. கடைசியில் நாற்காலியிலிருந்த என்னைப் பார்த்து, எழும்பி நின்ற அந்த ஓரத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.