மூத்தவளை மீட்க அத்தை மெத்தைக் கம்பெனிக்குப் போனது

நிலாவில் யாராவது கடை போட்டு, வியாபாரம் படுத்து, பூட்டிக்கொண்டு பூமிக்கு ஓடி வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாட்டிக்கொண்ட டீ மெஷினைத் திரும்ப எடுத்து வர இந்த அண்டசராசரத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அது அத்தை. ராக்கெட்டெல்லாம் வேண்டாம். நீளமாக ஓர் ஏணியும், அதைச் சாயாமல் பிடித்துக்கொள்ள ஒருவரும் இருந்தால் போதும். மெஷினை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அது நின்ற இடத்தைப் பெருக்கிவிட்டுத்தான் இறங்குவாள்.

மற்றதெல்லாம் கொஞ்சம் கூடுதல். பெருக்குவது மட்டும் சத்தியம்.

பொத்தானை அமுக்கினால் டீயும் காபியும் வருகிற மெஷின்களை ஆபீசிலும் பட்டறையிலும் வாடகைக்கு வைப்பது அத்தையின் தொழில். வாரம் ஒருமுறை போய்த் தூள் நிரப்புவாள். மக்கர் பண்ணினால் சரிசெய்வாள். மெஷின் இருக்கிற இடம் மூடிப்போனால் போய்த் திரும்ப எடுத்து வருவாள். முதல் இரண்டையும் கை இருக்கிற எவரும் செய்துவிடலாம். மூன்றாவதற்கு நெஞ்சு வேண்டும். மூடின இடத்தில் யாரும் யாருக்கும் வாசல் திறப்பதில்லை.

அத்தைக்கு உயரம் நாலே முக்கால் அடி. மெஷின்கள் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் உண்டு. கப் விழும்போது தும்முகிற மாதிரி சத்தம் போடுவது தும்மல்காரி. எப்போது பார்த்தாலும் சூடாக இருப்பது கோவக்காரன். அத்தை சொந்தமாக வாங்கிய முதல் மெஷின் மூத்தவள். அத்தைக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. "ஒன்பது பெத்து வச்சிருக்கேன், இன்னும் என்னங்கடா வேணும்?" என்று கேட்டுக் கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

அந்த மூத்தவள்தான் மெத்தைக் கம்பெனியின் இரண்டாவது மாடியில் மாட்டிக்கொண்டாள்.

அத்தை முன்பு வேறொரு மெஷின் கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். தூள் டப்பா கழுவுவதில் ஆரம்பித்து ரிப்பேர் வரைக்கும் கற்றுக்கொண்டாள். ஒருநாள் காலையில் போனால் கேட்டில் பூட்டு. அவளுடைய டூல் பாக்ஸ் உள்ளே. "நாளைக்கு வாங்க" என்றார்கள். போனாள். "அடுத்த வாரம்" என்றார்கள். அதற்கும் போனாள். அந்த டூல் பாக்ஸ் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. அன்றிலிருந்து அத்தைக்கு ஒரே கொள்கை: ஓர் இடம் மூடுகிறது என்று காதில் விழுந்தால், கையில் இருக்கிற சோற்றை வைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

மெத்தைக் கம்பெனி மூடியபோது மட்டும் அது நடக்கவில்லை. அத்தை காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்த அன்றைக்குத்தான் சேதி வந்தது: மெத்தைக் கம்பெனியை மூடிவிட்டார்கள், உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் ஓர் அதிகாரி சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார், மறுநாள் பன்னிரண்டு மணிக்கு லாரி வந்து எல்லாவற்றையும் ஏலத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறது.

"உடம்பு சரியாகட்டும் அக்கா, நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன்" என்றார் அத்தையின் வண்டி டிரைவர். அவருக்குப் பட்டப்பெயர் மெதுவா. ஆமை முந்திக்கொண்டு போனால் ஒதுங்கி வழிவிடுவார்.

"நீ பேசி முடிக்கிறதுக்குள்ள அந்தக் கட்டிடத்தையே இடிச்சிடுவாங்க. காலைல எட்டு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கணும்" என்றாள் அத்தை.

எட்டரைக்கு நின்றது. மெதுவா அளவில் அது சாதனை.

மெத்தைக் கம்பெனிக்குள் ஃபோம் தூசி பறந்துகொண்டிருந்தது. தையல் மெஷின், மேஜை, மின்விசிறி, சுவர்க்கடிகாரம் எல்லாவற்றிலும் மஞ்சள் சீட்டு. லிஃப்டுக்குப் பூட்டு, அதன் மேலும் ஒரு சீட்டு. இரண்டு மாடியும் ஏறி மூச்சு வாங்க நின்ற அத்தை மூத்தவளைப் பார்த்தாள். நெற்றியில் மஞ்சள் சீட்டோடு நின்றாள் மூத்தவள். நூற்று நாற்பத்திரண்டாம் நம்பர்.

சீட்டு ஒட்டுகிற அதிகாரி பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மெதுவா அண்ணன் அங்கேயே 'சீட்டு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"சார், இது என் மெஷின். வாடகைக்கு வச்சது. எடுத்துக்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்றாள் அத்தை, வாடகைப் பத்திரத்தை நீட்டி.

சீட்டு சார் பத்திரத்தைப் படித்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் எதையும் இரண்டு தடவை படிக்கிற ஆள்.

"பத்திரம் சரியா இருக்கும்மா. இதுல மெஷின் நம்பர் போட்டிருக்கு. மெஷின்ல நம்பர் எங்கே?"

நம்பர் தகடு மெஷினுக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். ஆவி பட்டுப் பட்டு ஒட்டு விட்டு எப்போதோ உதிர்ந்திருந்தது. அங்கே ஒரு சதுரத் தழும்புதான் மிச்சம்.

"கம்பெனி கொடுத்த லிஸ்ட்ல 'டீ மெஷின் ஒண்ணு, சொந்தம்'னு இருக்கு. அவங்க வாங்கின மெஷின் இது, உங்களோடது எப்பவோ திரும்பிப் போயிடுச்சுன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"என்கிட்ட சாவி இருக்கு சார்."

"இந்த மாடல் எல்லாத்துக்கும் ஒரே சாவிதானேம்மா?"

அது உண்மை. அத்தை வாயைத் திறந்து, மூடினாள். அத்தை வாயை மூடுவதை மெதுவா அண்ணன் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லையாம். மணி ஒன்பதரை. இன்னும் இரண்டரை மணி நேரத்தில் லாரி. மறுபடியும் ஒரு பூட்டின கேட், உள்ளே அவள் பொருள், "அடுத்த வாரம் வாங்க". காய்ச்சல் விட்ட உடம்பு வேறு. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அக்கா, அதுலயும் சீட்டு இருக்கு" என்றார் மெதுவா.

அத்தை உட்காரவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்ததும் மண்டை வேலை செய்யத் தொடங்கியது.

"சார், உங்களுக்கு டீ வேணுமா, காபி வேணுமா?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா, நீங்க..."

"குடிக்கச் சொல்லலை. கேக்குறேன். டீ வேணும்னா எந்தப் பொத்தானை அமுக்குவீங்க?"

சீட்டு சார் மூத்தவளைப் பார்த்தார். "டீன்னு எழுதியிருக்கிறதை."

"அங்கதான் சார் தப்பு" என்றாள் அத்தை. குரல் திரும்ப வந்திருந்தது.

கதை இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் மூத்தவளை இங்கே கொண்டு வந்து வைத்த அன்றைக்கே, டீயை அமுக்கினால் காபியும் காபியை அமுக்கினால் டீயும் வந்தன. உள்ளே பொத்தான் வயர்கள் இரண்டும் இடம் மாறிச் சொருகியிருந்தன. எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ தெரியாது. அன்றைக்கு அத்தையின் அண்ணன் மகளும் கூடப் போயிருந்தாள் என்பது உண்மை. ஆனால் அவள் தூள் டப்பா கழுவுவதிலேயே கண்ணும் கருத்துமாக இருந்தாளாம். அவளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அத்தைக்குத் தகவல் வந்து, மூன்றாம் நாள் ஸ்குரூ டிரைவரோடு போனாள். மெத்தை தைக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வழியை மறித்துக்கொண்டார்கள். "மாத்திடாதீங்க அக்கா! புதுசா வர்ற மேனேஜர், சூப்பர்வைசர் எல்லாம் ஏமாறுறதைப் பார்க்கிறதுதான் எங்களுக்கு ஒரே பொழுதுபோக்கு" என்றார்கள். மூன்றே நாளில் அவர்கள் கை பழகிவிட்டிருந்தது. அத்தை மாற்றவில்லை. ஆனால் செய்யாத வேலையையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைப்பது அவள் வழக்கம்.

அந்தப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, பக்கத்தைத் தேடி, சீட்டு சார் முன்னால் வைத்தாள். பத்திரத்தில் இருந்த அதே மெஷின் நம்பர். கீழே: 'டீ, காபி வயர் இடம் மாறியுள்ளது. அப்படியே இருக்கட்டும் என்று இங்குள்ளவர்கள் கேட்டதால் மாற்றவில்லை.' அதற்குக் கீழே மேனேஜர் கையெழுத்தும் மெத்தைக் கம்பெனியின் முத்திரையும்.

சீட்டு சார் இரண்டு தடவை படித்தார்.

"இதை நேத்து எழுதியிருக்கலாமேம்மா?"

"எழுதலாம் சார். முத்திரை குத்த முடியுமா? கம்பெனி மூடின அன்னைக்கே முத்திரை உங்க கைக்கு வந்திருக்குமே."

வந்திருந்தது. அவர் மேஜைமேல் இருந்த பைக்குள்தான் கிடந்தது, ஒரு சீட்டோடு. எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். சரியாக இருந்தது.

"சரி, ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

மெதுவா கீழே போய்த் தண்ணீர் கேன் தூக்கி வந்தார். அத்தை தொட்டியை நிரப்பி, பிளக்கைச் சொருகினாள். தண்ணீர் சூடாகப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் மூன்று பேரும் மெஷினின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், பரீட்சை முடிவுக்கு நிற்பது மாதிரி. விளக்கு பச்சையானது.

"நீங்களே அமுக்குங்க சார். காபி."

சீட்டு சார் அமுக்கினார். கப் விழுந்தது. மெஷின் உறுமியது. வெறும் வெந்நீர் வந்தது.

சீட்டு சார் கப்பைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், கடைசியாக அத்தையைப் பார்த்தார்.

"அக்கா..." என்று ஆரம்பித்தார் மெதுவா.

"சும்மா இருடா. பத்து நாளா யாரும் தொடலைன்னா தூள் இறுகாம என்ன பண்ணும்? கோவிச்சுக்கிட்டிருக்கா." அத்தை கதவைத் திறந்து தூள் டப்பாக்களின் விலாவில் உள்ளங்கையால் இரண்டு இரண்டு தட்டுத் தட்டினாள். முதுகில் தட்டிப் பிள்ளையைத் தூங்கவைப்பவள் போல இல்லை, எழுப்புபவள் போல. "மானத்தை வாங்காதடி" என்று காதில் சொன்ன மாதிரியும் இருந்ததாம். கதவைச் சாத்தினாள். "மறுபடி அமுக்குங்க சார்."

காபியை அமுக்கினார். டீ வந்தது.

டீயை அமுக்கினார். காபி வந்தது.

சீட்டு சார் இரண்டு கப்பையும் இரண்டு தடவை முகர்ந்தார். "குடிச்சிடாதீங்க சார், பழைய தூள்" என்றாள் அத்தை. பாவம், காலையிலிருந்து எதுவும் குடிக்காத மனுஷன். வாசனையைக் குடித்துவிட்டுக் கப்பை வைத்தார். மூத்தவளின் நெற்றியில் இருந்த மஞ்சள் சீட்டைத் தன் கையாலேயே உரித்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. பன்னிரண்டுக்குள்ள."

உள்ளே இருந்த வெந்நீரை வாளியில் வடித்தார்கள். வடிக்காமல் சாய்த்தால் தண்ணீர் போர்டில் ஏறி மெஷின் செத்துவிடும். கதவைப் பெல்ட் போட்டுக் கட்டினார்கள். லிஃப்ட் இல்லை, மெஷின் தொண்ணூறு கிலோ. படியில் போட்டு இறக்க அத்தை ஒரு ஃபோம் பாளத்தைக் கேட்டாள். சீட்டு சார், "அதுவும் ஏலத்துக்கு. இறக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றார். மூத்தவளைப் படியில் படுக்கவைத்து, மேலே மெதுவா கயிற்றைப் பிடிக்க, கீழே அத்தை தோள் கொடுக்க, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். மெதுவாவின் குணம் அன்றைக்கு ஒரு நாள்தான் உபயோகப்பட்டது.

வண்டியில் ஏற்றி முடித்ததும் மெதுவா ஸ்டார்ட் பண்ணப் போனார்.

"இரு" என்றாள் அத்தை. ஃபோமைத் தூக்கிக்கொண்டு, வண்டியிலிருந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி இரண்டு மாடி ஏறினாள். "எடுத்த இடத்தைப் பெருக்காம வந்தா, திருடிட்டு வந்ததா அர்த்தம்" என்பது அவள் சட்டம். மூத்தவள் நின்ற சதுரத்தைப் பெருக்கினாள். இரண்டு ஹேர்பின், ஒரு ஊசி, தூசியில் புரண்ட ஓர் அட்டை. அட்டையைத் துடைத்துப் பார்த்தாள். எப்போதோ சுவரில் ஒட்டி, விழுந்தது. பேனாவால் பெரிதாக எழுதியிருந்தது:

'புதுசா வந்தவங்க கவனிக்க: டீ வேணும்னா காபியை அமுக்கு. காபி வேணும்னா டீயை அமுக்கு. ரெண்டும் வேணாம்னா போய் வேலையைப் பாரு.'

எழுதின பெண்கள் இப்போது எங்கே வேலை தேடிக்கொண்டிருக்கிறார்களோ. அட்டையை அத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். ஏன் கண் சிவந்திருக்கிறது என்று மெதுவா கேட்டார். ஃபோம் தூசி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூத்தவள் பஸ் டிப்போவில் புது வாடகைக்கு நின்றாள், நெற்றி சுத்தமாக.

இதுவரைக்கும் நான் எழுதியிருந்த நோட்டை அத்தை நேற்று எடுத்துப் படித்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சீட்டு சார் மாதிரி இரண்டு தடவை. படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏணியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஃபோம் தூசின்னு போட்டதும் சரி, மானத்தைக் காப்பாத்தினே. அது என்னடி, 'எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ'?"

"தெரியாதுன்னுதானே அத்தை எழுதியிருக்கேன்?"

"உனக்குத் தெரியாது? டப்பா கழுவினாளாம், கண்ணும் கருத்துமா!" அத்தை அலமாரியைத் திறந்து சர்வீஸ் புத்தகத்தை எடுத்தாள். அந்தப் பக்கத்தை விரித்து, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்த வரியில் விரலை வைத்தாள். கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்த சீட்டு சார் கண்ணிலேயே படாத வரி.

'ரெண்டு வயர் முனையிலும் ஊதா நெயில் பாலிஷ். கழுதை வீட்டில்தான் இருக்கிறது.'

"எட்டு மாசமா தெரியுமா அத்தை?"

"ஸ்குரூ டிரைவரோட போன அன்னைக்கே தெரியும். கிளம்பு, டிப்போல பஸ்காரங்க கத்துறாங்க. மாத்தினவதான் வந்து திருப்பி மாத்தணும்."