இடது முன் டயர்

ஆம்ப்ரோஸ் சனிக்கிழமைதோறும் செம்பவாங்கிலிருக்கும் தம்பி வீட்டுக்குப் போய் அவன் காரைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருவார். வெள்ளை நிறத்தில் சின்ன எஸ்யுவி. கதவிடுக்குகளில் பழைய பல் பிரஷ்ஷை விட்டுத் தேய்ப்பார். நான்கு டயருக்கும் கறுப்பு பாலிஷ் பூசிவிட்டு, இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்து அழகு பார்ப்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் தன்னை ஒருநாளும் அவர் அப்படிப் பார்த்ததாக அற்புதமேரிக்கு நினைவில்லை.

அவளுக்கு அந்தக் காரின் மேல் பொறாமை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டில், அம்மா படுக்கையில் விழுந்தபோது பள்ளியை விட்டவள். நாலு பேர் கூடி ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால் மெல்லச் சமையலறைப் பக்கம் நகர்ந்துவிடுவாள். கொழுந்தன் ரிச்சர்டின் மனைவி டானியலாவுக்கு வங்கியில் வேலை. எப்போதும் சிரித்த முகம். வாய்நிறைய ‘அக்கா’ என்பாள். அதுதான் மேரிக்குத் தாங்கவில்லை. அவள் சண்டைக்காரியாக இருந்திருந்தால் மனசாரத் திட்டிவிட்டாவது நிம்மதியாக இருக்கலாம்.

மேரி ஒன்பது வருடமாகப் பூன் லேயில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறாள். கூட்டுவாள், துடைப்பாள், காத்திருப்பவர்களுக்குக் காப்பி கலந்து கொடுப்பாள். அவளுக்கு யாரும் தொழில் சொல்லித்தரவில்லை. கண் சும்மா இருக்காது, அவ்வளவுதான். டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் மழித்ததுபோல் இருந்தால் சக்கரம் நேராக நிற்கவில்லை, அலைன்மென்ட் போய்விட்டது. அதுதான் ரொம்ப மோசம் என்பான் மெக்கானிக் ரமீஸ். “நின்னு பாத்தா டயர் புதுசு மாதிரிதான்க்கா இருக்கும். வெடிக்கிற அன்னிக்குத்தான் தெரியும்.”

ஜூலை மாதம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மலேசியாவிலுள்ள புக்கிட் மெர்தாஜாம் போவது அவர்கள் குடும்பத்தில் வழக்கம். போன வருடம்வரை எல்லாரும் தேவாலயப் பங்கு மக்களோடு பஸ்ஸில் போனார்கள். இந்த வருடம் கார் இருக்கிறது. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, திருவிழாவுக்கு வேண்டியதை வாங்கத் தேக்கா கடைத்தெருவுக்கு வந்தபோது டானியலா இடக்கணக்குச் சொன்னாள்.

“ரிச்சர்ட், நான், கேட்லின் பாப்பா, எங்கம்மா. ஆம்ப்ரோஸ் அத்தான் முன்னாடி உக்காந்தா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டலாம். அக்கா, உங்களுக்கு ஓகேதானே? பஸ்ல இப்ப இடம் கிடைக்குமான்னு கேட்டுப் பாக்கவா?”

“பஸ் போன வாரமே ஃபுல்லு” என்றார் ஆம்ப்ரோஸ். “மேரி ஒண்ணும் நினைக்கமாட்டா லா. அடுத்த வருஷம் போய்க்கலாம்.”

மேரி தலையாட்டினாள்.

மற்றவர்கள் மெழுகுவர்த்தி வாங்கக் கடைக்குள் போனார்கள். அவள் பைகளோடு காரின் பக்கத்தில் நின்றாள். டானியலா அவசரத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தபடியே நிறுத்தியிருந்தாள். இடது முன் சக்கரம் திரும்பி, அதன் உள்பக்கம் வெளியே தெரிந்தது. வெளிப்பக்கம் ஆம்ப்ரோஸின் பாலிஷில் பளபளத்தது. உள் ஓரத்தில் ரப்பரே இல்லை. ஒரு விரல் நீளத்துக்குக் கம்பி நூல் எட்டிப் பார்த்தது.

அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள். நிமிர்ந்தாள். பைகளைக் கை மாற்றிக்கொண்டாள்.

மெழுகுவர்த்தியோடு அவர்கள் திரும்பி வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை ஆம்ப்ரோஸ் பயணத்துக்குப் புதுச் சட்டை வாங்கி வந்து கண்ணாடி முன் போட்டுப் பார்த்தார். போகட்டும் என்று விட்டுவிட்டாள். கடையைக் கூட்டும்போதெல்லாம் போகும் வழியிலுள்ள ஜோகூர் நெடுஞ்சாலை மனதில் வந்தது. கார் ஓரமாக நிற்கிறது, டானியலா குதிகால் செருப்போடு வெயிலில் நிற்கிறாள், சிரிப்பு போய்விட்டது. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு மணி நேரம் அப்படி நிற்கட்டும். இந்த நினைப்பை நாலு நாள் மிட்டாய்போல் வாயிலேயே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை, ஒரு லாரியின் டயரைக் கழற்றிப் போட்டார்கள். வெடித்துக் கந்தலாகிக் கிடந்தது. மேரி துடைப்பத்தோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடது முன் டயருக்குப் பக்கத்தில் யாருடைய இருக்கை என்று அப்போதுதான் யோசித்தாள். ஆம்ப்ரோஸ், புதுச் சட்டையில்.

சாயங்காலம் நேராகச் செம்பவாங் போனாள். கீழே கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் இரவுப் பயணத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆம்ப்ரோஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மதியமே வந்திருந்தார்.

“முன் டயர் போயிடுச்சு” என்றாள் மேரி. “இதுல போகக் கூடாது.”

ஆம்ப்ரோஸ் சிரித்தார். “வாரா வாரம் இந்தக் கையால கழுவுறேன். எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்? காப்பி கலக்குறப்ப யாரும் சொன்னாங்களா?”

“தம்பி, ஸ்டியரிங்கை முழுசா வலது பக்கம் ஒடிங்க.”

ரிச்சர்ட் ஒடித்தான். மேரி தரையில் மண்டியிட்டு, கணவரின் கையைப் பிடித்து இழுத்து, டயரின் உள்பக்கத்தில் வைத்து அழுத்தினாள். ஆம்ப்ரோஸ் வெடுக்கென்று கையை எடுத்தார். விரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது.

ரிச்சர்ட் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.

“மை காட்” என்றாள் டானியலா. “நல்லவேளை அக்கா. எப்பப் பாத்தீங்க?”

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறுக்கே கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அவளுக்குப் பொய் அவ்வளவு வேகமாக வராது.

“ஞாயித்துக்கிழமை. தேக்கால.”

“ஞாயித்துக்கிழமையா?”

“எனக்கு இடமில்லைன்னு சொன்னீங்க. அதான் சொல்லல.”

டானியலா அவளையே பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. “அக்கா, இந்த அஞ்சு நாளும் கேட்லினை இதுலதான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்பிரஸ்வேல. மழையில.”

ஞாயிறிலிருந்து அந்தக் கார் மேரியின் மனதில் மலேசியாவுக்கு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அது வேறு இடத்துக்கும் போகும், அதன் பின் இருக்கையில் பெரியம்மா என்று கூப்பிடும் ஆறு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் என்பது ஒருமுறைகூட நினைப்பில் வரவில்லை.

அன்றிரவு யாரும் கிளம்பவில்லை. மறுநாள் காலை டயர் கடை திறந்ததும் ரிச்சர்ட் காரை மெதுவாக ஓட்டி வந்தான். கூடவே டானியலாவும் வந்தாள். ரமீஸ் முன்னால் இரண்டு டயரையும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்தான். எப்போதோ சாலைத் திட்டில் பலமாக இடித்திருக்கிறது என்றான். டானியலா நாற்காலியில் உட்காரவில்லை. மேரி வைத்த காப்பி மேசையிலேயே ஆறியது.

கார் லிஃப்டில் உயர்ந்து நிற்கும்போதே மேரி பின் டயர்கள் இரண்டையும் உள்ளும் புறமும் தடவிப் பார்த்திருந்தாள். கீழே இறக்கியதும் டானியலாவிடம் போனாள்.

“பின்னாடி ரெண்டும் நல்லா இருக்கு. நான் பாத்துட்டேன்.”

டானியலா கைப்பையை ரிச்சர்டிடம் கொடுத்துவிட்டு, எண்ணெய்த் தரையில் அப்படியே முட்டி போட்டாள். பின் டயருக்கு உள்ளே கையை விட்டு மேலிருந்து கீழாக மெல்லத் தடவினாள். பிறகு எழுந்து அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

மேரி கை துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு காத்து நின்றாள்.