அளவுக் குச்சியில் ஆறு

அந்த ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓட்டுகிறவருக்கு 'ரிசர்வ்' என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் போடுகிறவர்களே மறந்துவிட்டார்கள். மனிதருக்கு எதுவும் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போதும் வீட்டில் டிரம்மை நிரப்பிக்கொண்டிருப்பார். தீப்பெட்டியில் குச்சி குறைந்தால் தூக்கம் வராது. "இவரு செத்தாக்கூட ஒரு மூச்சை ரிசர்வ்ல வச்சுட்டுத்தான் சாவாரு" என்பாள் மனைவி.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு மதியம் சோதனை வந்தது. காலையிலேயே கரண்ட் போயிருந்தது. டீசல் வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். மாடியில் ஆபரேஷன் தியேட்டரில் இருந்ததோ அவருடைய ஒரே மகள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று அப்போதுதான் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

பழைய ஜெனரேட்டர் கண்ணை மூடிவிட்டதால், போன வாரம்தான் எங்கிருந்தோ ஒரு கிழட்டு இயந்திரத்தை வாங்கிவந்து வைத்திருந்தார்கள். மெக்கானிக்கே தொட்டியை நிரப்பிக் கொடுத்திருந்தார். நம்மவர் முதல்முறையாக அதன் அளவுக் குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். டீசலின் ஈரம் ஆறாவது கோட்டில் நின்றது.

ஆறு லிட்டர்! மணிக்குப் பத்து லிட்டர் குடிக்கிற இயந்திரத்துக்கு அது எந்த மூலைக்கு? நல்ல வேளை, பத்து லிட்டர் கேன் ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும். அதை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு மறுபடியும் குச்சியை விட்டார். பதினாறில் நிற்க வேண்டிய ஈரம் எட்டைத்தான் தாண்டியிருந்தது.

"ஐயையோ, ஓட்டை!"

மருமகன் படியிறங்கி ஓடிவந்தார். "மாமா, தியேட்டர்ல கேக்கறாங்க. கரண்ட் தாங்குமா?"

"இருங்க மாப்ளே, உயிரை வாங்காதீங்க!"

தொட்டிக்கு அடியில் படுத்துத் தரையைத் தடவினார். சிமென்ட் காய்ந்து கிடந்தது. குழாயைத் தடவினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்படியென்றால் ஊற்றின டீசலைப் பேயா குடித்தது?

குச்சியை வெளிச்சத்தில் பிடித்தார். பத்து லிட்டர் ஊற்றினால் இரண்டு கோடும் கொஞ்சமும் ஏறுகிறது. அப்படியானால் ஒரு கோடு நாலரை லிட்டர். நாலரையா? கைப்பிடிக்குப் பக்கத்தில் அப்பியிருந்த பச்சைப் பெயின்ட்டைச் சாவியால் சுரண்டினார். 'கேலன்' என்ற சொல் எட்டிப் பார்த்தது. அட கிழட்டுப் பயலே! லிட்டர் கணக்கு வருவதற்கு முந்தைய காலத்துக் குச்சி! தொட்டியில் ஆறு லிட்டர் அல்ல, இருபத்தேழு லிட்டர் இருந்திருக்கிறது. ஊற்றியதையும் சேர்த்தால் முப்பத்தேழு. மூன்றரை மணி நேரத்துக்குக் கவலையே இல்லை.

"மாப்ளே, காலன் வந்துட்டான்னு நெனச்சேன்! வந்தது கேலன்!"

மருமகனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "தாங்குமா, தாங்காதா மாமா?"

"தாங்கும், தாங்கும்! டாக்டரம்மாவை நிதானமா பண்ணச் சொல்லுங்க!"

அப்படியும் அவர் இயந்திரத்தை விட்டு நகரவில்லை. டீசல் வண்டி வந்து, தொட்டி கழுத்துவரை நிரம்பிய பிறகுதான் மாடி ஏறினார். அதற்குள் பேத்தி பிறந்து, வீறிட்டு அழுதுமுடித்துத் தூங்கியும் போயிருந்தாள். மகள் களைத்துப்போய்ச் சிரித்தாள். "எங்கப்பா போயிட்டீங்க?"

அவ்வளவுதான். டீசல் நாற்றமடிக்கிற கையால் வாயைப் பொத்திக்கொண்டு மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

மனைவி முந்தானையை நீட்டினாள். "கல்யாணம் பண்ணி அனுப்பறப்பகூட ஒரு சொட்டு விடலியே. இதையும் ரிசர்வ்லதான் வச்சிருந்தீங்களா?"

"காலியாகட்டும் விடு" என்றார் அவர்.