சைவப் பம்பு

கப்பலைத் தவறவிட்ட கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. பேரன் பேத்தி எடுத்த கிழவிக்கு இது என்ன கோபம் என்று கேட்பீர்கள். சின்ன வயதில் வந்த கோபம், அது பாட்டுக்கு உள்ளே குந்திக்கொண்டிருக்கிறது. நான் என்ன செய்ய?

அப்பா சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெசர். ரப்பர் விலை விழுந்து, துரைமார் சிலரும் மூட்டை கட்டிய காலம் அது. அப்படிச் சீமைக்குத் திரும்பிய ஒரு சின்னத் துரை, பந்தயத்தில் ஓட்டிய தன் காரை விற்றபோது, அப்பா சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போட்டு அதை வாங்கிவிட்டார். அம்மாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. நீண்ட மூக்கு, முன்னால் இருவருக்கு மட்டும் இடம், பின்மூடியைத் திறந்தால் ஒரு குட்டி இருக்கை. மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு இப்படி ஒரு கார்! அது உறுமிக்கொண்டு வாசலுக்கு வந்த அன்று அம்மா குசினிக்குள் போனவர்தான். அதற்குப் பிறகு அப்பாவோடு தேவைக்கு மட்டும்தான் பேச்சு. மாதா மாதம் எங்கள் அடுப்பில் அப்பா தேன்மெழுகு உருக்கிச் சிரங்கு மருந்து காய்ச்சுவார். அம்மா பக்கத்தில் நின்று கிண்டிக்கொடுப்பார். அதுவும் நின்றுபோயிற்று.

என்னையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கே போய்விடுவது என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். சிங்கப்பூரில் இருந்த மாமா கப்பலுக்கு ஏற்பாடு செய்தார். தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் அது உல்லாசப் பயணம்.

“ஊருக்குப் போறீங்களாமே பாப்பா? எப்ப திரும்பி வருவீங்க?” என்று ஆஸ்பத்திரி ஆயா கேட்டாள்.

“கப்பல் திரும்பேக்க நாங்களும் வருவம்” என்றேன். அவள் என் கன்னத்தைத் தடவிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெட்டிக்குள் அம்மா தேங்காய்த் திருவலையையும் குத்துவிளக்கையும் துணி சுற்றி வைத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஊரில் திருவலை கிடையாதாக்கும் என்று நினைத்தேன்.

ரயிலில் போகலாம் என்பது அம்மாவின் கட்சி. “என்ர காரிலயே கொண்டுபோய் விடுறன்” என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். அந்தக் கார், புறப்படுவதற்கு முதல் நாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் குபுகுபுவென்று ஆவி விட்டு நின்றுவிட்டது. தண்ணீர்ப் பம்பு போச்சு. எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓடவைக்கிற சாமான் அது. உள்ளே சுழலும் சக்கரம் உடைந்து கிடந்தது. நல்லகாலம், துரை விட்டுப்போன மரப்பெட்டியில் மாற்றுப் பம்பு ஒன்று இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஆள் கூப்பிட நேரம் இல்லை. “நானே போடுறன்” என்று அப்பா சட்டைக் கையை மடித்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கும் அதை ஒட்டிய எங்கள் வீட்டுக் குசினிக்குமாக ஓடினேன். அப்பாவோ நோயாளியை மேசையில் போட்ட மாதிரி வேலை செய்தார். ரேடியேட்டரைத் திறந்து துருத் தண்ணீரை வடித்தார். ரப்பர் குழாய்களைக் கழற்றினார். கழற்றிய நட்டுகளை ஆஸ்பத்திரிப் பீங்கான் தட்டில் வரிசையாக அடுக்கினார். பம்பு உட்காரும் இடத்தைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பழைய காலண்டர் அட்டையில், கட்டுத்துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் வளையம் வெட்டி, நடுவில் வைத்து, புதுப் பம்பைப் பூட்டினார்.

“முடிஞ்சுதோ அப்பா?”

“பொறு பிள்ளை.”

“இப்ப?”

“அரியண்டம் பண்ணாதை!”

முடியவில்லை. பம்பின் தண்டு உள்ளே போகிற வாயில் பருத்தித் திரியை இறுகச் சுற்றி மரையை முடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்த வழியே தண்ணீர் ஒழுகும். திரிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? சாமி விளக்குக்கு அம்மா திரித்து வைத்தது ஒரு பேணி நிறைய இருந்தது. ஆனால் அந்தத் திரியைக் கொழுப்பில் தோய்க்க வேண்டுமாம். அப்பா குசினி வாசலில் வந்து நின்றார்.

“இஞ்சாரும், கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பு வாங்குவிக்கவேணும்.”

அம்மா திரும்பினார். நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவம். “சிவ சிவா! ஆட்டுக் கொழுப்புப் பூசின வண்டியில நான் காலும் வைக்கமாட்டன். உங்களுக்கு இருக்கிற கொழுப்புக் காணாதே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும் வந்ததென்று நினைக்கிறேன், தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப என்னத்தில தோய்க்கிறது?”

அடுப்புக்கு மேலே தட்டில் மருந்து காய்ச்சுகிற சட்டி கவிழ்த்திருந்தது. அம்மா அதைப் பார்த்தார். பிறகு நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து நீட்டினார். “இதில தோயுங்கோ.”

அப்பாவும் அந்தச் சட்டியைப் பார்த்தார். போத்தலை வாங்கிக்கொண்டு போனார். சைவப் பம்பு தயாராயிற்று.

மறுநாள் காலை புறப்பட்டோம். பின் இருக்கையில் நானும் பெட்டியும். என்ன வேகம்! ரப்பர் மரங்கள் பின்னால் பறந்தன. கப்பலில் எந்தப் பக்கம் உட்காருவது, கடல் மீன் எட்டிப் பார்க்குமா என்று எனக்கு ஆயிரம் கேள்வி. லாயாங் லாயாங் சந்தி தாண்டியதும் சூடு ஏறி எண்ணெய் இளகி ஓடிவிட்டது. பிறகு திரி தன் வேலையைக் காட்டியது. விளக்கில் எண்ணெய் இழுக்கிற மாதிரி பம்பில் தண்ணீரை இழுத்து வெளியே சொட்டியது. வழியில் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், நிறுத்தினோம். மலாய்க்கார அம்மா ஒருத்தி ஆவியைப் பார்த்து “அலமாக்!” என்று கன்னத்தில் கை வைத்தாள், மண்ணெண்ணெய்த் தகரத்தில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஊற்றினோம், ஓடினோம், நின்றோம். மறுபடி ஊற்றினோம். நான் பின்னால் இருந்து கத்திக்கொண்டே இருந்தேன்: “நேரமாச்சு! நேரமாச்சு!”

கூலாய்க்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கார் முற்றாகப் படுத்துவிட்டது. தண்டவாளத்தில் ஜொகூர் பாரு வழியாகச் சிங்கப்பூர் போகிற ரயில் வந்து பெருமூச்சு விட்டு நின்றது. நான் எழுந்து குதித்தேன்.

“அம்மா, ரயில்! அதில போனால் கப்பலைப் பிடிக்கலாம்! வாங்கோ அம்மா!”

அப்பா எண்ணெயும் துருவுமான கைகளைத் துடைக்காமல், திறந்த எஞ்சினுக்கு முன்னால் நின்றார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அம்மா ரயிலைப் பார்த்தார். அப்பாவின் கைகளைப் பார்த்தார்.

“ரயில் புகை எனக்கு ஒத்துவராது” என்றார். “தலையைச் சுத்தும்.”

ரயில் போய்விட்டது. ரயில்தான் வேண்டுமென்று ஒரு கிழமையாக வாதாடிய அம்மா! நான் தெருவில் உட்கார்ந்து காலை உதைத்து அழுதேன். அம்மா தன் சேலைத் தலைப்பால் அப்பாவின் கையைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னை யாரும் கவனிக்கவில்லை. கார் ஆறியதும் தண்ணீரை நிரப்பி நிரப்பி, ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கே திரும்பினோம்.

அந்தக் கிழமை ஒரு மத்தியானம் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து தேன்மெழுகு டப்பாவைக் கொண்டுவந்தார். அம்மா சட்டியை அடுப்பில் வைத்து மெழுகை உருக்கினார். இரண்டு பேருமாகத் திரியைத் தோய்த்து எடுத்தார்கள். அப்பா அதைச் சுற்றி மரையை முடுக்கினார். எஞ்சினை ஓடவிட்டு வெகுநேரம் பார்த்தோம். ஒரு சொட்டு விழவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இந்த மெழுகு முந்தியும் இருந்ததுதானே? ஏன் அப்பவே போடேல்லை?”

அப்பா ஒரு முறை முடுக்கிய மரையையே மறுபடி முடுக்கினார். அம்மாவின் காது மடல் சிவந்திருந்தது.

“வாய் காட்டாமல் போய்க் கை கழுவிப்போட்டு வா. சம்பல் அரைச்சிருக்கிறன்.”

குசினியில் திருவலை பழைய இடத்துக்கே வந்துவிட்டிருந்தது. நான் கை கழுவவில்லை. காரின் பின் இருக்கையில் ஏறி உம்மென்று உட்கார்ந்துகொண்டேன். இவ்வளவு வளர்ந்த இரண்டு பேருக்கும், கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஒரு டப்பா மெழுகு ஞாபகம் வரவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.