வறுத்த மண், வறுக்காத மண்

இரும்பு வாணலியில் வயல்மண்ணை வறுத்தால் என்ன வாசனை வரும் என்று பலருக்குத் தெரிந்திருக்காது. முதலில் மழை விழுந்த தெருவைப்போல் இதமாகக் கிளம்பி, சூடேறச் சூடேற வைக்கோல் கருகுவதுபோல் மாறி, கடைசியில் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு அடுப்படியில், நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஆண்டு, அந்த வாசனை நான்கு நாட்கள் போகாமல் கிடந்தது. "மண்ண வறுக்கறதுக்கு நம்ம வீட்டு வாணலிதான் கெடச்சுதா? நாளைக்கு இதுலதான்டி நான் அப்பளம் பொரிக்கணும்" என்று அம்மா சத்தம்போட்டாள். ஆனால் வறுத்தது நானல்ல, கோமதி.

கோமதி வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள். அவள் அப்பா இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துவந்தார்; என் அப்பாவோ தாலுகா அலுவலகத்தில் எழுத்தர், ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் முதல் தேதி சம்பளம் வாங்குகிறவர். இந்த வித்தியாசம் எங்கள் இருவருக்கும் அப்போது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

சூரியக் குடும்பம் பாடம் நடந்த அன்று, 'பூமியைத் தவிர வேறு எங்கும் உயிர் இல்லை' என்று சயின்ஸ் டீச்சர் நோட்ஸ் சொல்லிக்கொண்டுபோக, நாங்கள் எல்லோரும் எழுதினோம். கோமதி மட்டும் பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள்.

"எல்லாத்தையும் தேடிப் பாத்துட்டாங்களா டீச்சர்?"

"இதுவரைக்கும் எதுவும் கெடைக்கல."

"அப்ப 'இல்லை'ன்னு எழுதணுமா, 'தெரியல'ன்னு எழுதணுமா டீச்சர்?"

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்துவிட்டு, 'தெரியவில்லை' என்று மாற்றி எழுதச் சொன்னார். அடுத்த வாரமே, தஞ்சாவூரில் நடக்கவிருந்த அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டார்.

எதைக் காட்டுவது என்ற யோசனையும் கோமதியுடையதுதான். அந்த ஆண்டு மேட்டூரில் தண்ணீர் குறைந்து அணையைத் திறக்கவில்லை. ஆடி முடிந்தும் வாய்க்காலில் நாய் படுத்துக் கிடந்தது. குறுவை நட்டிருக்க வேண்டிய வயல்கள் பாதம் உள்ளே போகுமளவுக்குப் 'பாளம் பாளமா' வெடித்துக் கிடந்தன. கோமதி தன் அப்பாவின் வயலிலிருந்தே ஒரு பாளத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். அதில் பாதியை அப்படியே ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டோம். மறுபாதியை வாணலியில் நன்றாக வறுத்து இன்னொரு பாட்டிலில் போட்டோம். இரண்டிலும் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஊற்றி, வாயில் துணி கட்டி, ஜன்னல் ஓரத்தில் வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் வறுக்காத பாட்டிலில் எள்ளின் பாதியளவில் ஏதோ ஒன்று துள்ளியது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. அவற்றின் பெயர் எங்களுக்குத் தெரியாததால் 'துள்ளி' என்று கோமதி பெயர் வைத்தாள். வறுத்த பாட்டிலில் தண்ணீர் தெளிந்ததே தவிர ஒன்றும் அசையவில்லை. ஒரு காலத்தில் செவ்வாயில் ஆறு ஓடியிருக்கலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த ஆற்றின் மண்ணும் வெறும் மண்ணாக இருக்க வேண்டியதில்லையே என்பது அவள் வாதம். 'வேறு கிரகத்தில் உயிர் உண்டா?' என்று பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, மைதா பசை காய்ச்சி ஒரு பலகையில் ஒட்டினோம்.

தஞ்சாவூரில் எங்கள் மேசைக்கு வந்த நடுவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். மெதுவாகப் பேசுகிறவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாட்டிலுக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"மண்ணுலேருந்து பூச்சி வந்திருக்கு, சரி. இதுலேருந்து செவ்வாயைப் பத்தி என்னம்மா தெரிஞ்சுது?"

"செவ்வாயைப் பத்தி ஒண்ணும் தெரியல சார்" என்றாள் கோமதி. "எந்த மாதிரி எடத்துல தேடணும்னு தெரிஞ்சுது."

"தேடியும் கெடைக்கலன்னா?"

"அது வறுத்த பாட்டில் மாதிரின்னு எழுதிக்குவோம் சார்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, பரிகாசம் இல்லாமல், உண்மையாகவே கேட்டார்: "அங்க இல்லன்னா இன்னொரு கிரகத்துக்குப் போவே. அங்கயும் இல்லன்னா அதுக்கு அடுத்தது. எப்பதாம்மா 'இல்லை'ன்னு ஒத்துக்குவே? தோத்துப்போகவே முடியாத கேள்வி அறிவியல் ஆகாதும்மா. அது ஆசை."

நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தெரியல சார்" என்றாள் கோமதி கடைசியில்.

அவர் எங்கள் டீச்சரைத் தனியே அழைத்துப் பேசிவிட்டுப் போனார். பாட்டில்கள் நன்றாக இருக்கின்றனவாம். 'வறண்ட மண்ணில் உறங்கும் உயிர்கள்' என்று தலைப்பை மாற்றினால் சென்னையில் நடக்கும் மாநிலக் கண்காட்சிக்குச் சிபாரிசு செய்வாராம். நம் பள்ளிக்கூடத்திலிருந்து இதுவரை ஒருத்திகூடச் சென்னைக்குப் போனதில்லை என்றார் டீச்சர்.

"தலைப்ப எடுத்துட்டா, எதுக்கு இதச் செஞ்சோம்னே தெரியாதே டீச்சர்" என்றாள் கோமதி.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பிடித்து இழுத்தேன். பசை நன்றாகக் காய்ந்திருந்ததால் முழுதாக வராமல் 'உண்டா?' மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்க, அதை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. கோமதி தடுக்கவில்லை. நாங்கள் தேர்வானோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "கோவமாடி?" என்று கேட்டேன். "நீ கிழிச்சதுக்கெல்லாம் கோவம் இல்ல. அவரு கேட்டதுக்கு ஒரு பதில் இருக்குடி. எனக்குத்தான் வாயில வரல" என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவள் யூனிபார்ம் போடாமல் பள்ளிக்கு வந்தாள். கூட அவள் அப்பாவும் வந்திருந்தார். 'டி.சி.' வாங்க வந்திருந்தார்கள். நாற்றங்கால் விடக்கூடத் தண்ணீர் இல்லாமல் குறுவை போய்விட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மாமா வரச் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்கு ஓடி அப்பாவிடம் அழுதேன், ஏதாவது செய்யச் சொல்லி. "அணையத் தொறக்கறது என் கையிலயா இருக்கு?" என்றார் அவர், சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே எழுந்துபோனார். அம்மாதான் என்னை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்தாள். "பத்தாவது முடிக்கிறவரைக்கும் அவ எங்க வீட்டுல இருக்கட்டுங்க. எனக்கு ஒண்ணும் பாரமில்ல" என்றாள்.

கோமதியின் அப்பா சாக்கில் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "நீங்க சொன்னதே பெருசுங்கம்மா. ஆனா அவளும் வந்தாத்தான் அங்க எங்களுக்கு ஓடும்" என்றார். அதன் பொருள் அம்மாவுக்கு உடனே புரிந்தது. எனக்குப் புரிய ஒரு வாரமாயிற்று.

சென்னைக்கு நான் மட்டும் போனேன். பழைய தலைப்பு இல்லாததால் பேராசிரியர் கேட்ட கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. சான்றிதழில் ஒரே பெயர்தான் இருந்தது. புரட்டாசிக் கடைசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது, கோமதி அப்பாவின் வயலில் வேறொருவர் சம்பா நடவுக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இன்று நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அந்தப் பேராசிரியர் சொன்னதில் பாதி சரி என்பதை இத்தனை வருடப் படிப்பில் அறிந்திருக்கிறேன்: 'எங்கோ இருக்கும்' என்று சொல்லிக்கொண்டே இருப்பது ஆசைதான். ஆனால் இந்த மண்ணில், இந்த ஆழத்தில், இன்ன தடயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் நினைத்தது தப்பு என்று சொல்லிவிட்டுத் தோண்டுகிறவள் ஒவ்வொரு முறையும் தோற்கத் தயாராகத்தானே போகிறாள்? பெரிய கேள்வி தோற்காமல் இருக்கலாம். அதை அவள் தோற்கக்கூடிய சின்னக் கேள்விகளாக உடைத்துக்கொள்கிறாள். ஊகம் அறிவியலாவது அந்த இடத்தில்தான். பதினான்கு வயதில் கோமதி அதைப் பாதி சொல்லியும்விட்டாள். மீதியைச் சொல்ல அவளுக்கு இன்னும் இரண்டு வருடப் பள்ளிக்கூடம் போதுமாயிருந்திருக்கும்.

அவளிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன, மூன்றாவது வரவில்லை. போன மே மாதம், இரண்டாவது கடிதத்தில் இருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் போனேன். அங்கே வரிசையாக இருந்த 'லைன் வீடு'களை இடித்துவிட்டு நான்கு மாடியில் ஒரு கட்டடம் கட்டியிருந்தார்கள். எதிரே மளிகைக்கடை வைத்திருந்த அம்மாளிடம் ஊரையும் பெயரையும் சொல்லி விசாரித்தேன்.

"எந்தக் கோமதிங்க? இங்க வந்து போனவங்கள்ல பாதிப்பேரு உங்க ஊர்ப்பக்கம்தானுங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவராய், ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: "அவங்க உங்களுக்கு என்ன வேணுங்க?"

ஸ்டூலில் உட்காராமல், அந்த வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.