முகம் வைக்காத ராஜா

தியாகதுருகம் கோட்டை மலை தெரிகிற ஊர் எங்களுடையது. அந்தக் கோட்டையில் இருந்த ஒரு ராஜா, தன் படைவீரனின் பெண்டாட்டி மேல் ஆசைப்பட்டு, அவனைக் கொன்றுவிட்டு அவளைத் தூக்கிவரச் சொன்னானாம். அவள் ஏரியில் இறங்கி உயிரை விட்டாள். அவளைத்தான் அம்மனாகக் கும்பிடுகிறோம். திருவிழா அன்று பகலில், ஏரி மண்ணெடுத்து அந்த ராஜாவை ஆள் நீளத்துக்குப் படுத்திருப்பதுபோலப் பெண்கள் நாங்கள் செய்வோம். பிறகு துடைப்பத்தால் அடித்துக் கலைப்போம். முகம் மட்டும் வைக்கமாட்டோம். வைத்தால் எழுந்து வருவான் என்பார்கள். செத்தவனுக்கு இவ்வளவு பயமா என்று கேலி பேசிக்கொண்டிருந்தவள் நான்.

அந்த வருடம் கேலி வரவில்லை. முந்தின நாள் நடவு வயலில் நிலத்துக்காரர் என் பக்கம் வந்து நின்று, "திருவிழா முடிஞ்ச மறுநாளு மோட்டார் கொட்டாய்க்கு வா. தனியா வா" என்றிருந்தார். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் வீடு நிற்பதும் அவர் மண்ணில். புருஷனிடம் சொன்னால் அரிவாளைத் தூக்குவான், ஜெயிலுக்குப் போவான். வாயை மூடிக்கொண்டேன்.

ராஜாவின் தலைப்பக்கம் என் பங்கு. மண்ணைச் சும்மா மழுக்கிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவள் கையை இறக்கி, "ஏ, இன்னாடி பண்ணி வச்சிகீற?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். தடித்த மூக்கு, இடுங்கிய கண், தொங்கிய கீழுதடு. நிலத்துக்காரர் படுத்திருந்தார். உச்சி வெயிலிலும் காயாத கண்கள் என்னையே பார்த்தன. என் விரல்தான் வைத்திருக்கிறது. எப்போது வைத்தது என்று எனக்குத் தெரியாது.

அழிக்க ஒருத்தியும் கை நீட்டவில்லை. நான்கைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூப்பிடப்பட்டவள் நான் மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து நிலத்துக்காரரின் மனைவி பூசைத்தட்டோடு வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். தட்டைக் கீழே வைத்து உட்கார்ந்து, நகத்தால் அந்த மண் முகத்தின் இடது புருவத்தில் ஒரு கோடு கிழித்தார். நிலத்துக்காரருக்கு அங்கே ஒரு தழும்பு உண்டு. அதை நான் வைக்காமல் விட்டிருந்தேன்.

"உன்ன எங்க வரச் சொன்னாரு?" என்று நிமிராமலே கேட்டார்.

"மோட்டார் கொட்டாய்க்கும்மா. நாளைக்கு."

அன்று ராஜாவை அடித்தபோது யாரும் குலவை போடவில்லை. துடைப்பச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் மோட்டார் கொட்டகைக்குள் அந்த அம்மா போய் உட்கார்ந்தார். நிலத்துக்காரர் வரப்பில் நடந்து வந்து கதவைத் திறப்பதை, நடவு வயலில் நிமிர்ந்து நின்று நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.