இரவல் பபூன்

மேடையேறிய முதல் நாள், தலையிலிருந்த கூம்புக் குல்லா மூக்குவரை இறங்கிவிட்டது. எதிரே என்ன இருக்கிறதென்று தெரியாத பதற்றத்தில், வீட்டில் பேசுவதுபோலவே, “அய்யய்யோ, நேக்கு ஒண்ணும் தெரியலையே! யாராவது சித்தே பிடிச்சுக்கோளேன்!” என்று அலறினேன். அது வசனமில்லை. ஆனால் பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வந்து தரையில் உட்கார்ந்திருந்த சனம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. எழுபதுகளின் தொடக்கம், மாரியம்மன் கோயில் கொடை விழா. குல்லா பெரிதாக இருந்ததற்குக் காரணம், அது டிரைவர் அண்ணாச்சியின் தலைக்குத் தைத்தது.

நான் பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து எஸ்டேட் ஆபீசுக்குக் கிளார்க்காகப் போனவன். எங்கள் பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம், மீதி மூக்கு. ஆபீசிலிருந்த மலையாளிகளுக்கு நான் பாண்டி. லயத்திலிருந்த திருநெல்வேலிக்காரர்களுக்கு மலையாளத்தான். சாயங்காலமானால் குவார்ட்டர்சில் நானே ரசம் வைத்து, நானே அதைப் பாராட்டிச் சாப்பிடுவேன். அண்ணாச்சி எஸ்டேட் ஜீப் ஓட்டுபவர். கொடை நாடகத்தில் ஆடிக்கொண்டே வந்து சிரிக்க வைக்கும் பபூன் வேஷம் வருஷா வருஷம் அவருக்குத்தான். அந்த வருஷம் மழையில் சரிவில் வழுக்கி இடது காலை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட காலோடு படுத்தபடியே என்னைச் சிபாரிசு செய்தவரும் அவர்தான். “ஆபீஸ் சாமியப் பிடிச்சு ஏத்துங்கடே. வசனமே வேண்டாம். அவரு சும்மா பேசுனாலே போதும்.”

போதுமானதாகத்தான் இருந்தது. மறுநாள் காலை நான் பாதையில் நடந்தால், தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து, “சித்தே பிடிச்சுக்கோளேன்!” என்று ஒரு குரல் கேட்கும். அடுத்த சரிவிலிருந்து சிரிப்பு பதில் சொல்லும். காதுகுத்துக்கு அழைத்தார்கள், சடங்குக்கு அழைத்தார்கள். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரு டம்ளர் தேநீர் வந்தது. என்னைக் கேலி செய்யத் தொடங்கியதும்தான் நான் அவர்களில் ஒருவனானேன். என் ரசத்தை நானே பாராட்டும் தொழில் அதோடு நின்றுபோனது.

அண்ணாச்சியின் கட்டைப் பிரித்தார்கள். எல்லாரும் அவருடைய கால் சரியாக வேண்டுமென்று அம்மனைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். எப்போது சரியாக வேண்டும் என்பதை மட்டும் அம்மனிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அடுத்த கொடைக்கு ஒத்திகை தொடங்கியபோது, குல்லாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார்கள். நான் குல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “இந்த இடது காலு ஆடமாட்டேங்குடே. சாமியே போடட்டும்,” என்றார். நான் வருத்தப்படுவதுபோல் நடித்தேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த நடிப்பு அதுதான்.

அதற்கு மறுவாரம் அவர் மறுபடி ஜீப் எடுத்தார். ஆபீஸ் வேலையாக வண்டிப்பெரியாற்றுக்கு அவரோடு போனேன். கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்த இடது கால் கிளட்சை அழுத்தி எழுந்தது; ஒரு நடுக்கம் கிடையாது. சமதளம் வந்ததும் அவர் பபூன் நுழையும் பாட்டை முனக, அதே கால் ஜீப்பின் தரைத் தகரத்தில் தாளம் போட்டது. பாதி ஆட்டமே ஆடிவிட்டது.

“என்னத்தப் பாக்கீரு, சாமி?”

“ஒண்ணுமில்லை, அண்ணாச்சி.”

“ரோட்டப் பாரும். வளைவு வருதுல்லா.”

“வேஷத்தை நீங்களே எடுத்துக்கோங்கோ” என்ற ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. ஊரே என்னை வாயாடி என்றது; அந்த வாயிலிருந்து அது மட்டும் வரவில்லை. நான் ரோட்டைப் பார்த்தேன்.

அந்தக் கொடையில் அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதில் பாதிக்குமேல் சிரிப்பே இல்லாத சரக்கு. எங்கே சிரிக்க வேண்டுமென்று கூட்டம் தயங்கும்போதெல்லாம் அவர் முதலில் சிரித்துக் கொடுத்தார். மற்றவர்கள் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மாற்றல் வரும்வரை அப்படித்தான். கிளம்பிய அன்று ஜீப்பில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். அன்றும் அந்தக் காலைப் பற்றி நான் கேட்கவில்லை.

இப்போது கல்யாண வீடுகளில் என்னைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கிறது. நான் ஏதாவது சொன்னதும், முதலில் சிரிப்பது யாரென்று என் கண் தேடும். கண்டுபிடித்தவுடன், பேச்சை நிறுத்தி அவரை ஏதாவது சொல்லச் சொல்ல வேண்டுமென்று தோன்றும். தோன்றுவதோடு சரி. அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன்.